அடைமழைக்கு ஒரு குவளை பஞ்ச்

புதுச்சேரிக்கும் இலையுதிர்காலம் உண்டு. இலைதான் உதிராது. எங்கள் உப்பளத்துக்கு அது ஐப்பசி பிறந்த நாலைந்து நாளில் கிழக்கிலிருந்து வரும். புதுத் துறைமுகத்துப் பக்கம் வானம் காலையிலேயே கறுத்துவிடும். இந்திரா காந்தி விளையாட்டு அரங்கத்தில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் வாக்கிங்கை விட்டுவிட்டு டீக்கடைக் கூரைக்கு அடியில் நின்று அரசியல் பேசுவார்கள். உப்பாற்று வாய்க்கால் வாடையையும் மீறிக்கொண்டு கடல்காற்றும் ஈரமண் வாசனையும் வீட்டுக்குள் நுழையும். வருடம் முழுவதும் இந்த ஊரில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பழந்தமிழர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்று தனியாகவே எடுத்து வைத்தார்கள். வைத்தவர்களின் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுக்க வேண்டும்!

காக்டெயில் கலக்குவதற்கு இதைவிட வாகான காலம் வேறெதுவும் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். பாரிசுக்குப் போய்வந்த சொந்தக்காரர்கள் அங்கே செப்டம்பர் மாதத்து பார்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆப்பிள் பிராந்தியாம், பட்டையாம், பூசணிச் சாறாம். சொல்லட்டும். அந்தப் பட்டையும் ஏலமும் யார் ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போயின? பெரிய மார்க்கெட் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்று மூச்சு இழுத்தாலும் அவர்களுடைய குளிர்கால பார் முழுவதும் அங்கே சாக்கு மூட்டையில் இருக்கிறது.

வெயில் காலத்துச் சரக்குக்கு ஒரே ஒரு வேலை, உடம்பைக் குளிர வைப்பது. ஜின், வோட்கா, வெள்ளை ரம், புதினா, எலுமிச்சை, டம்ளர் நிறைய ஐஸ். குறை சொல்ல மாட்டேன், சித்திரையில் நானும் அதைத்தான் கலக்குகிறேன். ஆனால் கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும். உறைந்த ஐஸ்கிரீம் திகட்டாமல் இருப்பதும், அதுவே உருகினால் வாயில் வைக்க முடியாமல் போவதும் அதனால்தான். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். ஐஸைக் குறைக்கலாம். குறைத்தால் மரப்பீப்பாயில் கிடந்த மணம், மசாலா, கருப்பட்டியின் கருகல் வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அதனால் எனக்கு ஐப்பசி பிறந்தால் மூன்று மாற்றம். வெள்ளைச் சரக்குக்குப் பதிலாகக் கறுப்பு. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி அல்லது நாட்டுச் சர்க்கரை. எலுமிச்சைக்குத் துணையாகக் கமலா ஆரஞ்சும் நார்த்தங்காயும். இந்த மூன்றை மாற்றினாலே போதும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எந்தக் கலவையும் மழைக்காலத்துக்குத் தயார்.

கறுப்பு என்றால் ரம். விஸ்கிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டுக்காரரே விஸ்கிதான், அதுவும் சோடாவைத் தவிர வேறு மிக்சிங் அறியாதவர். ஆனால் ரம் கரும்பின் பிள்ளை. வெல்லம், கருப்பட்டி, சுக்கு, ஏலம் என்று எதைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தாலும் உடனே உறவு கொண்டாடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரின் நிர்வாகத்தை நம்மிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. ஓல்ட் மாங்க் ரம் சந்தைக்கு வந்ததும் அதே 1954. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது தெரியும், ஆனாலும் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். ஏழு வருடம் பீப்பாயில் கிடந்து வருகிற சரக்கு, 42.8 சதவீதம், இந்த விலைக்கு வனிலாவும் காய்ந்த திராட்சையும் மணக்கிறது. வெளிநாட்டு ரம்மை வாங்கி அலமாரியில் அழகுக்கு வையுங்கள். கலக்குவதற்கு இது. கொஞ்சம் ஆடம்பரமாக வேண்டுமென்றால் பெங்களூரு அம்ரித் நிறுவனத்தின் டூ இண்டீஸ். அதில் நம் நாட்டு வெல்லத்தில் வடித்த ரம்மும் கரீபியன் தீவு ரம்மும் கலந்திருக்கின்றன.

இனி பஞ்ச். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம்.

காக்டெயில் என்ற பெயரே பிறக்காத காலத்தில் உலகத்தைக் கட்டியாண்ட கலவை பஞ்ச். அது எங்கிருந்து போனது? நம் கரையிலிருந்து! ஆங்கிலத்தில் பஞ்சைப் பற்றி இதுவரை கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்பு 1632 செப்டம்பர் மாதத்துக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. எழுதியவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், எழுதிய இடம் பழவேற்காட்டுக்கு வடக்கே இருந்த ஆர்மகான். இதே சோழமண்டலக் கரை, இதே வங்காள விரிகுடா, மழை தொடங்கப் போகிற இதே பருவம். கப்பலில் கொண்டுவந்த பீரும் ஒயினும் வழியிலேயே புளித்துப் போயிருக்கும். இங்கே சாராயம் இருந்தது, வெல்லம் இருந்தது, எலுமிச்சையும் மசாலாவும் இருந்தன. தண்ணீரோடு சேர்த்தால் ஐந்து பொருள். முடிந்தது வேலை. அந்த நூற்றாண்டின் நடுவில் முகலாய நாட்டைச் சுற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஃபிரான்சுவா பெர்னியேவும் வங்காளத்தில் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கறுப்புச் சர்க்கரையிலிருந்து வடித்த சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே கொஞ்சம் ஜாதிக்காய். வாய்க்கு இதம், உடம்புக்குக் கேடு என்று ஒரு மருத்துவருக்குரிய கண்டிப்போடு முடிக்கிறார். முதல் பாதியில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு.

செய்முறையில் பாதி வெற்றி தோலில் இருக்கிறது. நாலு எலுமிச்சை, இரண்டு கமலா. தோலைக் காய் சீவுகிற பீலரால் மெல்லிசாகச் சீவுங்கள், உள்ளே இருக்கிற வெள்ளைச் சதை வரக்கூடாது, வந்தால் கசக்கும். சீவிய தோலை 200 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு ஒரு பாத்திரத்தில் போட்டு மத்தின் அடியால் நாலு குத்து குத்தி மூடி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்று நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை முழுவதும் ஈரமாகி, தோலின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அந்த வாசனை! நான் இதுவரை பூசிய எந்த சென்ட்டும் அதன் கிட்டே வர முடியாது. அடுத்து ஒரு லிட்டர் நீலகிரிக் கறுப்புத் தேநீர், சூடாக, பாலில்லாமல், திட்டமாக. தேயிலை அதிக நேரம் ஊறினால் துவர்ப்பு மேலோங்கும், நாலு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சூட்டில் சர்க்கரை கரைந்ததும் தோலை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, 200 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு ஃபுல் ரம். மேலே ஜாதிக்காயைத் துருவுங்கள். பொடியாக வாங்கிய ஜாதிக்காய் வேண்டவே வேண்டாம், அது மரத்தூள். எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு குவளை வரும்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நாலு. என் அபிப்பிராயத்தில் நம் சர்க்கரைக்கு இந்த இரண்டு பங்கு அதிகம். புளிப்பும் இனிப்பும் சமமாக நின்றால்தான் இரண்டாவது குவளை கேட்கத் தோன்றும். சாராயக் கடைச் சாராயத்தில் போட்டால் என்ன, அதுதானே அசல் என்று கேட்பவர்கள் உண்டு. அது இப்போது வேறு சரக்கு, அந்தக் காலத்து வடிப்பு இல்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் யாராவது தென்னஞ்சாராயம் வாங்கி வந்தால் மட்டும் ரம்மை ஓரமாக வைத்துவிடுவேன். தென்னம்பாளைக் கள்ளிலிருந்து வடித்தது அது. கமலாத் தோலோடு அது சேர்கிற சேர்த்தியைக் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் பஞ்சுக்கு நாள் நவம்பர் 1. புதுவைக்கு விடுதலை நாள் என்பதால் விடுமுறை. மறுநாள் கல்லறைத் திருநாள், உப்பளம் கல்லறைத் தோட்டம் முழுவதும் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும், வெளியூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த சொந்தங்கள் முந்தின நாளே தெருவில் நிறைந்திருப்பார்கள். எவர்சில்வர் அண்டாவில் பஞ்ச், கரண்டி போட்டு வைத்துவிடுவேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காக்டெயில் என்றால் ஒருவர் நின்றபடி குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பஞ்சில் அந்தத் தொல்லை இல்லை, கலக்கினவளும் எல்லோரோடும் உட்கார்ந்து குடிக்கலாம். ஒரே ஒரு விதி உண்டு. வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும், வண்டிச் சாவியை அதில் போட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும்.

பக்கத்து வீட்டு சொல்தா மாமாவை இங்கே அறிமுகப்படுத்திவிட வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். மாமாவுக்கு காலையில் காபி, சாயங்காலம் பாஸ்டிஸ், ஞாயிற்றுக்கிழமை காக்னாக். ரம் என்றால் முகத்தைச் சுளிப்பார்.

"ரம்மு கேக்குல ஊத்துறதும்மா. மனுசன் குடிக்கிறதுக்கு இல்ல."

அவர் வாயை அடைத்தது தீபாவளி லேகியம்.

லேகியத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சுக்கு, திப்பிலி, ஓமம், மல்லி, சித்தரத்தை, வெல்லம், நெய். காரம், கசப்பு, இனிப்பு, கொழுப்பு. ஒரு நல்ல பார்காரர் ராத்திரி முழுவதும் தூங்காமல் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய சமன்பாட்டை நம் பாட்டிகள் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் ஒரு உருண்டையாக உருட்டி வாயில் திணித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை ரம்முக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். தடையாக நின்றது நெய். சரக்கில் நெய் மிதந்தால் யார் குடிப்பார்கள்? வழி நியூயார்க்கிலிருந்து வந்தது. அங்கே பிடிடி என்ற பாரில் டான் லீ என்பவர் 2007 வாக்கில் பன்றிக் கொழுப்பை உருக்கி அமெரிக்க விஸ்கியில் ஊற்றி, குளிரில் உறையவைத்து, கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டார். கொழுப்பு போய்விட்டது, அதன் வாசனை சரக்கிலேயே தங்கிவிட்டது. பன்றிக்கு நடந்தது பசுவுக்கு நடக்காதா!

ஒரு ஃபுல் ரம்மை வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். 70 கிராம் நல்ல நெய்யை மணலாகச் சிவக்கிற வரை உருக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் அதில் ஊற்றி மூடி நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பு எரியும்போது சரக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நாலைந்து மணி நேரம் அப்படியே இருக்கட்டும், நடுநடுவே குலுக்கிவிடுங்கள். பிறகு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி. ரம் உறையாது, நெய் மட்டும் மேலே கட்டியாக நிற்கும். அதைக் குத்தி உடைத்து, ரம்மை மெல்லிய துணியில் இரண்டு முறை வடித்தால் கண்ணாடிபோல் தெளிந்து வரும். எடுத்த நெய்யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடை வார்க்கும்போது ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள்.

பாகுக்கு 200 கிராம் கருப்பட்டி, 200 மில்லி தண்ணீர். தட்டிய சுக்கு ஒரு விரல் துண்டு, திப்பிலி நாலு, ஓமம் அரை ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன். ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். சித்தரத்தை போடலாம், ஆனால் சரக்கையே மிரட்டிவிடும், கொஞ்சமாக.

இனி கலவை. நெய் ரம் 60 மில்லி, பாகு 10 மில்லி, கசப்புக்கு இரண்டு சொட்டு பிட்டர்ஸ். ஆங்கோஸ்டுரா பாட்டில் கிடைத்தால் நல்லது. 1824-இல் வெனிசுவேலாவில் சீகர்ட் என்ற ராணுவ மருத்துவர் வயிற்றுக் கோளாறுக்குத் தயாரித்த மருந்து அது, ஆக லேகியத்துக்கு அது தூரத்துச் சொந்தம்தான். கிடைக்காவிட்டால் காய்ந்த நார்த்தங்காய்த் தோல், கிராம்பு, ஏலம் மூன்றையும் வோட்காவில் பத்து நாள் ஊறவையுங்கள், மழைக்காலம் முழுவதும் வரும். பழச்சாறு இல்லாத கலவை என்பதால் குலுக்கக் கூடாது. ஐஸ் போட்டு நீளமான ஸ்பூனால் அரை நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி மேல் வடித்து, கமலாத் தோலை மேலே பிழிந்து விடுங்கள்.

பெரிய ஐஸ் கட்டிக்கு பார்களில் மெஷின் வைத்திருக்கிறார்கள். நமக்கு சாம்பார் எடுத்துப் போகிற ஹாட் பாக்ஸ் போதும். மூடியைக் கழற்றிவிட்டு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். சுற்றிலும் காப்பு இருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். காற்றும் கலங்கலும் அடிக்கு ஓடிவிடும். முழுவதும் உறைவதற்கு முன்னால் எடுத்துக் கவிழ்த்தால் மேல்பாதி வைரம், அடியில் கொஞ்சம் தண்ணீர். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கடைசி வாய் வரை சரக்கு நீர்த்துப்போகாது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பார் ஐஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டான். அது வஞ்சிரத்துக்கு, ராசா. நமக்கு இல்லை.

சொல்தா மாமா தீபாவளியன்று பலகாரத் தட்டைக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்றபடி ஒரு வாய் குடித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"இதுல என்னா போட்ட?"

"லேகியம், மாமா."

"எங்க அம்மா கிண்டுவாங்களே, அதுவா?"

அன்றிலிருந்து ரம் மனுசன் குடிக்கிற சரக்காகிவிட்டது.

அவர் மூலமாகத்தான் எனக்கு ரியூனியன் தீவின் ரம் ஜாடி தெரிய வந்தது. அவருடைய தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் அப்படித்தான். அவர்கள் வெட்டிய கரும்பில்தான் அந்தத் தீவுகளின் ரம் வடிந்தது. ரியூனியனில் இன்று வீட்டுக்கு வீடு ஒரு ஜாடி இருக்கும், ரம் அரான்ஜே என்பார்கள். ரம்மில் பழம், மசாலா, சர்க்கரை, வனிலா எல்லாம் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது. அந்த வனிலாவுக்கும் ஒரு கதை உண்டு. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த கொடி அங்கே பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. 1841-இல் எத்மோன் ஆல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் பூவைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்துகாட்டினான். உலகம் இன்றுவரை அவன் காட்டிய முறையில்தான் வனிலா விளைவிக்கிறது.

என் ஜாடிக்கு ஆவணியிலேயே பூசை போட்டுவிடுவேன். நன்றாகப் பழுத்த அன்னாசி பாதி, கேரளத்து வனிலாக் காய் ஒன்றைக் கீறிப் போட்டு, ஒரு துண்டு பட்டை, ஒரு அன்னாசிப்பூ, பனங்கற்கண்டு ஒரு கைப்பிடி. ரம் பழத்தை முழுவதும் மூட வேண்டும், மேலே துருத்திக்கொண்டு நின்றால் பூசணம் பிடிக்கும். இருட்டான அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கிராம்பு மட்டும் ஒன்றுக்கு மேல் வேண்டாம், பல் டாக்டர் கிளினிக் வாசனை வந்துவிடும். மூன்று மாதம் கழித்து, கார்த்திகை மழையில், சின்ன கிளாஸில் அப்படியே சும்மா. ஐஸ் கூட வேண்டாம். அன்னாசி எங்கே முடிகிறது, ரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முதன்முதலாகக் குடித்த ராத்திரி நான் எழுந்து எழுந்து போய் ஜாடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வந்து படுத்தேன்.

ஃபெஞ்சல் புயல் பற்றிச் சொல்லாமல் மழைக்காலக் குடியைப் பற்றி எழுத முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கொஞ்சம் தூறினாலே குளமாகிவிடுகிற இந்திரா காந்தி சதுக்கம் அன்று கடலாகிவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் இல்லை, ஐஸ் இல்லை, பழம் வாங்க வழியில்லை. கேஸ் அடுப்பு இருந்தது, சுக்கு மல்லிக் காபிப் பொடி இருந்தது, கருப்பட்டி இருந்தது, மாமா வீட்டில் பாதி காக்னாக் இருந்தது. கருப்பட்டி போட்டுச் சுக்கு காபியைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, டம்ளருக்கு 45 மில்லி ஊற்றினேன். கொதிக்கும்போது ஊற்றக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், நாம் குடிப்பதற்குள் கூரை குடித்துவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஜன்னல் கதவு தடதடவென்று அடிக்க, ஐந்து பேரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தோம். உலகத்துப் பெரிய ஓட்டல்களின் பட்டியலில் இருக்கிற எந்த ஹாட் டாடியும் இதற்கு உறைபோடக் காணாது. சளிக்கு நல்லது என்று மட்டும் சொல்ல மாட்டேன். சரக்கு உடம்புக்கு வெளியே சூடு காட்டும், உள்ளே இருக்கிற சூட்டை அது வெளியேற்றத்தான் செய்யும். நாங்கள் போர்த்திக்கொண்டுதான் குடித்தோம்.

மழையைப் பொருட்படுத்தாமல் குடிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நக்கீரரின் நெடுநல்வாடை முழுக்கக் கூதிர்காலத்துக் குளிர்தான். அதில் வருகிற முரட்டு ஆட்கள் வண்டு மொய்க்கிற தேறலைக் குடித்துவிட்டுத் தூறலைத் துடைக்கக்கூட மறந்து தெருவில் திரிவார்கள். யவனர் கப்பலில் வந்த ஒயினைப் புறநானூறு பாடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஆற்றைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியர்கள் ஒயின் கொண்டுவருகிற ஆம்ஃபோரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அந்த முகத்துவாரத்தில் மழைநாளில் ஜாடியை உடைத்து முதல் வாய் குடித்த நெசவுக்காரரோ மணி கோர்க்கிறவரோ அதில் என்னத்தைக் கலந்திருப்பார்? மிளகைத் தட்டிப் போட்டிருப்பார் என்பது என் கட்சி. நானும் அப்படித்தான் செய்கிறேன். மலிவான சிவப்பு ஒயின், கமலாத் துண்டு, பட்டை, நாலு மிளகு, நாட்டுச் சர்க்கரை, ஆவி வருகிற வரை மட்டும் சூடு. பிரெஞ்சுக்காரர்களின் சூடான ஒயினான வான் ஷோவில் மிளகு அவ்வளவு முக்கியமில்லை. நம் ஊரில் அது இல்லாமல் முடியாது.

மற்றவை கொஞ்சம் வேகமாக. விளாம்பழச் சதையை வெல்லத்தோடு பிசைந்து, வடிகட்டி, ரம் 60, எலுமிச்சை 15 சேர்த்துக் குலுக்குங்கள். பழச்சாறு வந்தால் குலுக்கித்தான் ஆக வேண்டும், ஷேக்கர் இல்லாவிட்டால் மூடி இறுகிய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். புளியும் புகையும் கலந்த அந்தப் புளிப்பு வேறெந்தப் பழத்திலும் இல்லை, இதைக் குடித்துவிட்டு என் நாத்தனார் கைதட்டினாள். ஜின்னை விடவே மாட்டேன் என்பவர்களுக்கு நெல்லிக்காய்ச் சாறும் தேனும். சீத்தாப்பழம் வாயில் போட்டுக்கொள்ள மட்டும், கலவையில் கொழகொழப்பு. மாதுளை அழகு, ருசியில் கொஞ்சம் சாது. குடிக்காதவர்களுக்குப் பஞ்சை ரம் ஊற்றுவதற்கு முன்னாலேயே தனியாக எடுத்து, சுக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுங்கள். என் மாமியார் அதை அண்டாவோடு கேட்பார். தொட்டுக்கொள்ள அவித்த வேர்க்கடலை. புயல் எச்சரிக்கை போட்டால் வம்பாகீரப்பாளையத்துப் படகுகள் கடலுக்குப் போகாது, மீன் கிடைக்காது, அப்போது நெத்திலிக் கருவாட்டு வறுவல். லேகிய ரம்முக்கு அதைவிடப் பொருத்தமான சைட் டிஷ் கடவுள் இன்னும் படைக்கவில்லை.

டிசம்பர் நடுவில் ஜாடி காலியாகத் தொடங்கும். அப்போதுதான் அடியில் கிடக்கிற அன்னாசிக்கு வேலை வரும். எங்கள் ஊர் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் செய்வார்கள். மைதா இல்லை, ரவை. முட்டை, வெண்ணெய், முந்திரி, சரக்கில் ஊறிய பழம். மாமாவின் வீட்டில் அது ஆண்டுதோறும் பெரிய காரியம். மூன்று மாதம் ரம் குடித்த அந்த அன்னாசியைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கேக்குக்கு என்று எடுத்து வைத்ததில் பாதியை அங்கேயே தீர்த்துவிட்டார். மீதிக்குக் காய்ந்த திராட்சை சேர்த்துச் சரிக்கட்டினார்கள்.

இந்த வருடம் மாமா தன் வீட்டுக்கும் ஒரு ஜாடி வாங்கிவிட்டார். அதில் ரம் ஊற்றுவதா காக்னாக் ஊற்றுவதா என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவணிக்குள் முடிவு தெரிய வேண்டும், இல்லையென்றால் கார்த்திகைக்கு ஊறாது.